எத்தனை பேர்

அட்டவணையின் அடியில் ஒரு சின்ன நட்சத்திரக் குறி.
அதற்கும் கீழே எறும்பெழுத்தில்:
பள்ளி நடக்கும் நாட்களில் மட்டும்.

அந்தத் தீவில் நவம்பரில் பஸ் ஏற வேண்டுமென்றால்
அங்குள்ள பிள்ளைகளுக்கு என்றைக்கு லீவு என்று
முதலில் தெரிய வேண்டும்.
கணக்கில் கோட்டைவிட்ட எவனோ ஒரு பையன்
வியாழக்கிழமை எழுந்து பல் துலக்கிக் கிளம்பினால்தான்
எனக்கு வண்டி.

பிர்னோவில் இப்போதே ஆறு மணிக்கு இருட்டுகிறது.
பகலெல்லாம் அடுத்தவர் கண்ணுக்குக் கண்ணாடி தேய்க்கிறேன்.
ராத்திரி சமையலறை மேசையில்
நாலு நாட்டு அட்டவணைகளை விரித்து
மிச்சமிருக்கும் என் கண்ணைத் தேய்க்கிறேன்.

வியன்னா வரை ரயில், ஒன்றரை மணி நேரம், கவலையில்லை.
அங்கிருந்து ஸாக்ரெப் போக ஒரு பகல்.
நடுவில் ஸ்லோவேனியா சன்னலில் வந்து போகும்,
அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது.
ஸாக்ரெபில் ரயிலை விட்டு இறங்கி
டிராம் பிடித்து ராத்திரி பஸ்ஸுக்கு ஓட
இருபத்திரண்டு நிமிடம்.
விடிந்தால் ஸ்பிலிட். கப்பல்துறை.

கோடையில் தீவுக்கு நாளுக்கு ஏழு கப்பலாம்.
இப்போது இரண்டு.
தெற்குக் காற்று எழுந்தால் அதுவும் சந்தேகம் என்பதால்
ஒன்றரை என்று குறித்துக்கொண்டேன்.

'இந்த அகாலத்திலா?' என்றான் பட்டறையில் ரடோவான்.
'குளிக்கக்கூட முடியாதே.'
எல்லோரும் பார்த்து முடித்த பிறகு
ஒரு கடல் தனியாக என்ன செய்துகொண்டிருக்கும்
என்று பார்க்க ஆசை.
அவனிடம் 'மலிவு' என்றேன்.
அதுவும் நிஜம்தான்.

தீவின் பஸ் அலுவலகத்துக்குப் போன் செய்தேன்.
எடுத்தவள் பெயர் யேலிட்சா.
நான் செக்கில் கேட்க அவள் குரோவேஷியனில் சொல்ல
இரண்டு மொழியும் கல்யாண வீட்டில் சந்தித்த
தூரத்து உறவு போல
பாதி புரிந்து பாதி சிரித்துக்கொண்டன.

'அந்த வியாழன் பள்ளி இல்லையே.
கல்லறைத் திருநாள் வாரம்.'
போச்சு.
பேனாவை மூடினேன்.

போன் கையிலேயே இருந்தது. அவள் வைக்கவில்லை.
யாரிடமோ ஏதோ கத்திக் கேட்டாள்.
ஒரு கதவு சாத்திக்கொண்டது.
'ஃப்ரானே எப்படியும் ரொட்டி ஏற்றிக்கொண்டு
அந்தப் பக்கம் போவான்.
காலைக் கப்பலுக்குத் துறையில் நிற்கச் சொல்கிறேன்.
எத்தனை பேர்?'

'இரண்டு' என்றேன்.

வைத்த பிறகு கெட்டிலைப் போட்டேன்.
தண்ணீர் கொதித்து, ஓய்ந்து, ஆறியது.

நாலாம் எண் டிராமில் வ்லஸ்டாவும் நானும்
பதினோரு நிமிடம் பழக்கம்.
ஐந்து வருடமாக, காலை காலையாக, அந்தப் பதினோரு நிமிடம்.
நகராட்சி ஆவணக் காப்பகத்தில்
இடித்துவிட்ட வீடுகளின் வரைபடங்களுக்கு எண் போடுகிறாள்.
இடது முழங்கால் சரியில்லை.
தம்பிக்குக் கொடுத்த பணம் திரும்பவில்லை.
டிராமுக்கு வெளியே அவள் எப்படி நடப்பாள் என்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் சொன்னேன்.
நட்சத்திரக் குறியில் தொடங்கி
ரொட்டி வண்டி வரைக்கும், வரிசை பிசகாமல்.
கடைசியில்தான் அந்த 'இரண்டு'.
சொல்லிவிட்டு, முன்சீட்டுக்காரரின்
தொப்பியில் ஒட்டியிருந்த நூலையே பார்த்தேன்.

இரண்டு நிறுத்தம் பேச்சில்லை.
சன்னலுக்கு வெளியே ஒருவன்
ஈர இலைகளைக் கூட்டிக் குவித்துக்கொண்டிருந்தான்.

'ஸாக்ரெபில் மாற எத்தனை நிமிடம் என்றீர்கள்?'

'இருபத்திரண்டு.'

'என் முழங்காலுக்கு அது பத்தாது.
அடுத்த பஸ்ஸைப் பாருங்கள்.'

அவள் நிறுத்தம் வந்தது.
கம்பியைப் பிடித்து
ஒவ்வொரு படியாக இறங்கினாள்.

அடுத்த பஸ் என்றால் காலைக் கப்பல் கிடைக்காது.
மாலைக் கப்பல்தான்.
அதுவரை ஃப்ரானே ரொட்டியை வைத்துக்கொண்டு
துறையில் நிற்பானா?
யேலிட்சாவை மறுபடி கூப்பிட வேண்டும்.
எட்டரைக்கு அலுவலகம் திறக்கும்.
மணி இப்போது ஏழு ஐம்பது.