கேட் போட்டிருந்தால்

வெள்ளம் வடிந்த வாரத்தில்
யாரோ அழுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள்,
'நிரந்தரமாக மூடப்பட்டது' என்று.
பதினோரு மாதம்
சிவப்பெழுத்தில் செத்துக் கிடந்திருக்கிறது கடை,
நான் உள்ளே உட்கார்ந்து காயில் சுற்றிக்கொண்டிருக்க.

கொரியர் பையன்தான் சொன்னான்:
"அக்கா, மேப்புல நீ இல்லியே."
ஏதோ கறிவேப்பிலை தீர்ந்துபோச்சு என்கிற மாதிரி.

அன்று ராத்திரி சாதத்தை வடித்துவிட்டு
கொசுவத்தி பக்கத்தில் போனோடு உட்கார்ந்தேன்.

பெயர்: ஜெசிந்தா மிக்ஸி சர்வீஸ்.
அதில் இருந்தது 'மிஸ்ஸி சர்வீஸ்'.
ஒரு எழுத்துதான்.
அதற்குள் எத்தனை பேர் என்ன நினைத்தார்களோ.

போன் நம்பர் பழையது.
அடித்துப் பார்த்தேன்.
"ஐயோ, நீங்கதானா அது?
மீஞ்சூர்ல செங்கல் லோடு அடிக்கிறேம்மா,
கிரைண்டர் சுத்தலன்னு
வாரத்துக்கு நாலு பேரு என்னைத் திட்டுறாங்க."
அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.
பெல்ட்டைப் பார்க்கச் சொல்வாராம், பாதிப் பேருக்குச் சரியாயிடுமாம்.

முகவரி: பழைய எண் பதினாறு, புதிய எண் நாற்பத்தொன்று.
இரண்டுமே சுவரில் இல்லை.
ஊசி குத்தியிருந்த இடம் தண்டவாளம்.
விரலால் இழுத்தால் மாதா கோயில் கொடிமரத்துக்குப் போனது,
இன்னும் இழுத்தால் கால்வாய்க்குள்.
பெரிதாக்கி, மூச்சைப் பிடித்து,
தண்டில் பேரிங்கை உட்காரவைக்கிற பதத்தில்
என் ஷட்டர் மேல் இறக்கினேன்.
கொருக்குப்பேட்டையில், இந்தப் பூமியில்,
நான் இருக்கிற இடம்.

இருந்த ஒரே படத்தில்
யார் வீட்டுக் காதுகுத்து பேனரோ,
அதற்குக் கீழே அரை ஷட்டர், ஒரு ஆடு.
மறுநாள் பத்து மணி வெயிலில் நானே எடுத்தேன்:
கழுவிக் கவிழ்த்த ஜார்கள்,
விலைப் பலகை,
ஸ்க்ரூடிரைவரோடு என் கை.
முகம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். பிறகு
முகத்தையும் போட்டேன்.

ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.
தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு கல்யாண சமையல்காரர்,
வியாசர்பாடியிலிருந்து இட்லி மாவு விற்கிற அக்கா தங்கச்சி.
மூன்றாவது வாரம் வந்தது
ஒற்றை நட்சத்திரம்.

'நாலு நிமிஷம்னு காட்டுச்சு. நாப்பது நிமிஷம் ஆச்சு.
திரும்பிப் போய்ட்டேன். வேஸ்ட். – தயாளமூர்த்தி'

'கேட்டை நான் போடலை சார்' என்று எழுதி
அழித்தேன்.
'கூட்ஸ் வண்டியை எங்கப்பன் ஓட்டலை'
அதையும்.
எங்கள் கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று
ஏழு நாளுக்கும் ஏழு கட்டம் வைத்திருக்கிறார்களே,
கேட் எப்போது திறக்கும் என்பதற்கு
ஒரு கட்டம் இல்லை.
அரை மணி கழித்து இப்படி எழுதினேன்:

'சார், கேட் போட்டிருந்தா
வண்டியை அணைச்சிட்டு எனக்குப் போன் பண்ணுங்க.'

வியாழக்கிழமை பண்ணினார்.
நடுவில் பெட்டி பெட்டியாக நிலக்கரி நகர்கிறது,
அந்தப் பக்கம் அவர், டேங்க் மேல் மிக்ஸி.
"என்ன சத்தம் போடுது?"
"என்னது? கேக்கல!"
"மிக்ஸி! மிக்ஸி என்ன சத்தம் போடுது?"
நாற்பது வயசு மனுஷன்
கேட் முன்னால் நின்றுகொண்டு
'க்ர்ர்ர்ர் டக்டக்டக்' என்று செய்து காட்டினார்.
பக்கத்தில் ஷேர் ஆட்டோவில் ஒரு சிரிப்பு கேட்டது.
"மோட்டார் நல்லாருக்கு சார். கப்ளர் தேஞ்சிருக்கு.
அறுபது ரூபா."

கேட் தூக்கியபோது
கப்ளர் என் கையில் தயார்.
மூன்று நிமிஷ வேலை.
ஜாரின் அடியில் காய்ந்திருந்த நெத்திலி மசாலாவைச்
சுரண்டியும் கொடுத்தேன்.

அந்த ஒற்றை நட்சத்திரத்தை
அவர் இன்னும் மாற்றவில்லை.
நானும் கேட்கவில்லை.
நேற்று மட்டும் போன் செய்து,
"கேட் போட்டிருக்கா?" என்றார்.
எட்டிப் பார்த்துச் சொன்னேன்.