இருபது மீட்டர்

விடியலில் கதவைத் திறந்தேன்.
படிக்குக் கீழே கால் வைக்க இடமில்லை.
பின்சக்கரத்தில் முதுகைச் சாய்த்து
ஒரு கடற்சிங்கம் தூங்கிக்கொண்டிருந்தது.
மீசையெல்லாம் மணல்.
மூச்சுக்கு மூச்சு கணவாய் வீச்சம்.

கதவை மெல்லச் சாத்தினேன்.
“வெளியே ஆள் இருக்கு” என்றேன்.
“வேன் வாங்குறவனா? அதுக்குள்ளயா?”
மேல்கட்டிலிலிருந்து லாக்லன்.
நான் மேசையை மடித்துக் கீழே படுத்திருந்தேன்.
இந்தப் பயணத்தில் அப்படித்தான் ஏற்பாடு.

நாலு மணிக்கு டனீடினில் வண்டியை ஒப்படைக்க வேண்டும்.
வீடு விற்றாயிற்று. நாய் அவனோடு.
வக்கீல் தாளில் அடிபடாமல் நின்ற ஒரே வரி
இந்த வேன்.
பணம் வந்தால் பாதிப் பாதி.

பதினோரு கோடை இதில்தான் திரிந்தோம்.
கடைசியாக ஒருமுறை என்று
யார் முதலில் சொன்னது, ஞாபகமில்லை.
காற்றுக்குப் பயந்து
ஒரே பக்கம் வளர்ந்த மரங்களைப் பார்த்தோம்.
கியூரியோ பேயில் அலை வற்றியதும்
கல்லாகிப்போன காட்டின் மேல் நடந்தோம்,
அடிமரங்களின் இடுக்கில் அவன் செருப்பு மாட்டிக்கொள்ள.
வட்டத் துடுப்புள்ள சின்ன டால்பின்கள்
அலைக்குள்ளேயே நின்று எங்களை வேடிக்கை பார்த்தன.

மாலையில் மஞ்சள் கண் பெங்குவின் ஒன்று
கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட குமாஸ்தா மாதிரி
நின்று நின்று பாறை ஏறியது.
முன்பெல்லாம் பதினைந்து வரை எண்ணுவோம்.
இருட்டும்வரை காத்திருந்தோம்.
ஒன்றுதான்.
அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

நேற்றிரவு இங்கே,
சூரத் என்றொரு கப்பல் உடைந்து
பெயரை மட்டும் விட்டுப்போன விரிகுடாவில்
வண்டியை நிறுத்தினோம்.

காலைச் சுற்றுக்கு வந்த வனத்துறை மெரேஅனா
தொலைவில் நின்று கையை ஆட்டினாள்.
“இருபது மீட்டர் தள்ளி நிக்கணும்!”
“நாங்க உள்ள இருக்கோமே!”
“அப்ப உள்ளயே இருங்க. எஞ்சினைத் தொடாதீங்க.
அவளுக்குப் பைன் தோப்புல குட்டி இருக்கு.
ராத்திரி பூரா கடல்ல வேலை.”
அதிலிருந்து எங்களுக்கும் அது அவள் ஆயிற்று.

எட்டடிக்கு ஆறடி.
எரிவாயு தீர்ந்து பாதி சூடான தேநீர்.
சிக்னல் இல்லாத இரண்டு போன்கள்.
லாக்லன் ஸ்பேனரைத் தேடி எடுத்து
ஆறு வருடமாய்ச் சொட்டிக்கொண்டிருந்த குழாயைக் கழற்றினான்.
“இன்னைக்கு எதுக்கு அது?”
“சும்மாதானே இருக்கேன்.”
“ஆறு வருஷமும் சும்மாதான் இருந்தே.”

பிறகு சண்டை.
ஒமாருவில் நான் சொன்னது, அவன் சொல்லாதது,
அவன் அம்மாவின் இறுதிச்சடங்குக்கு நான் தாமதமானது,
எல்லாவற்றையும் வெளியே எடுத்தோம்,
கிசுகிசுப்பாக.
கீழே ஒருத்தி தூங்குகிறாளே.
தணிந்த குரலில் சொன்னால்
வசவுக்குப் பாதிப் பல் கொட்டிவிடுகிறது.
நடுவில் ஒரு சொல் காதில் விழாமல்
“என்ன?” என்று குனிந்தேன்.
அவனும் திரும்பச் சொல்ல வெட்கப்பட்டு
“ஒண்ணுமில்ல” என்றான்.
பதினோரு வருடத்தில்
கத்தாமல் நாங்கள் போட்ட முதல் சண்டை.

ஒன்றரைக்கு வண்டி குலுங்கியது.
சக்கரத்தில் முதுகைத் தேய்த்துவிட்டு
ஈரச் சாக்கை இழுப்பதுபோல்
உடம்பை இழுத்துக்கொண்டு தோப்புக்குப் போனாள்.
ஒரு தடவை கனைத்தாள்.
புதருக்குள்ளிருந்து,
ஆட்டுக்குட்டியா என்று திகைக்கும்படி,
பதில் வந்தது.
ஜன்னலில் எங்கள் இரண்டு நெற்றிகளும்
ஒரே கண்ணாடியில் பதிந்திருந்தன.
சரியாகச் சொன்னால், ஒரு சாண் இடைவெளி.

“நாலுக்குள்ள போயிடலாமா?”
“போயிடலாம்.”
போனோம்.

வாங்கியவன் வண்டியை மூன்று முறை சுற்றினான்.
பின்பக்கம் ஏதோ நாறுகிறது என்று
இருநூறு டாலர் குறைத்தான்.
ஆளுக்கு நூறு.
இருவரும் பேரம் பேசவில்லை.
குழாயைத் திறந்து மூடிப் பார்த்தான்.
அது சொட்டவில்லை என்பதில்
அவனுக்கு வியக்க என்ன இருக்கிறது.