பைசலான கல்

பிரிட்ஜ்வாட்டர் நீதிமன்றப் பதிவறை.
என் மேசைக்கும் அவருக்கும் நடுவே ஒரு கண்ணாடி,
அதில் கை நுழையும் அளவுக்கு ஒரு துளை.
மார்ச் மாதம். அவர் காலணியில் உப்பும் பனிச்சேறும்.
ஹாரிஸ் வென்ட்ஸெல் ஐந்தாம் முறையாக
அதே நாற்பதடியைக் கொண்டுவருகிறார்.

முதல்முறை எல்லை என்று வந்தார்.
ஓடைக்கரைப் பாறைதான் மூலைக்கல் என்று தீர்ப்பாயிற்று;
தோற்றார்.
மறுவருடம் அத்துமீறல் என்றார்.
அப்புறம், வெட்டிய ஸ்புரூஸ் மரங்களின் விலை.
அதற்கும் பிறகு
மகள் லியோட்டாவுக்கு நிலத்தை எழுதிவைத்து
அவள் பெயரில் வந்தார்.
தாவா ஒவ்வொரு தடவையும் சட்டை மாற்றிக்கொண்டது.
நீதிபதிகள் சட்டையைப் பார்க்கவில்லை.
முன்தீர்ப்புத் தடை என்று ஒரு வரி எழுதி
செலவுத் தொகையையும் அவர் தலையில் வைத்தார்கள்.

கேட்டது மட்டுமல்ல,
அன்றே கேட்டிருக்க வேண்டியதும்
கேட்டதாகவே கணக்கு.
இதை அவரிடம் சொல்வது என் வேலையல்ல.
படிவம் சரியா, கட்டணம் கட்டியாயிற்றா,
அவ்வளவுதான் என் அதிகாரம்.

இன்றைக்கு ஆனால் சிரிக்கிறார்.
பதினொரு வருடத்தில்
அவர் பல்லை நான் பார்த்ததே இல்லை.

நடந்தது இது:
ஜெயித்த மெர்ல் நிக்கிள், ஜெயித்த கையோடு
தெற்கே திரும்பி
அதே பாறையிலிருந்து ஒரு கோடு இழுத்து
கோரா மாஸ்மன்மேல் வழக்குப் போட்டார்.
கோரா முதல் வழக்கில் கட்சியல்ல.
அவள் வாய் திறக்காத வழக்கு அவளைக் கட்டாது.
புது சர்வேயர் வந்தார், ஆல்டர் வேரடியில் தோண்டினார்.
பாறைக்குக் கிழக்கே நாற்பதடியில்
துருப்பிடித்த இரும்புக் கம்பி.
மூலை அங்கேதான் என்றது மன்றம்.
ஹாரிஸ் ஆதிமுதல் விரல் நீட்டிய இடம்.

“இப்போ?” என்கிறார் துளைவழியே.
“இப்போ என்ன சொல்வீர்கள்?”

வாங்கினேன். முத்திரை குத்தினேன்.
ஆறு வாரத்தில் உத்தரவு, ஒன்றரைப் பக்கம்.
நகலெடுத்தவள் நான்:
நிக்கிளுக்கும் மாஸ்மனுக்கும் நடுவே
மூலை, கம்பியில்.
நிக்கிளுக்கும் வென்ட்ஸெல்லுக்கும் நடுவே
மூலை, பாறையில்.
முந்தைய தீர்ப்பு தவறாகவே இருக்கலாம்;
தவறு என்பது
மேல்முறையீட்டுக் கெடுவுக்குள் சொல்ல வேண்டிய சொல்.
கெடு போனபின் அதற்கு என்ன பெயர் என்று
நீதிபதி எழுதவில்லை.

அநியாயம் என்று சொல்ல வாயெடுத்தேன்.
பின்னால் அலமாரி. மூன்றாவது தட்டில்
எனக்கும் அண்ணன் வெர்ட்டனுக்குமான கட்டு ஒன்று,
அப்பாவின் படகு யாருக்கு என்ற எழுவினா.
எனக்கென்று பைசலானது.
எப்படி ஜெயித்தேன் என்று எனக்குத் தெரியும்.
அவனுக்கும் தெரியும்.
படகை விற்ற பணத்தில் போட்ட கூரையின் கீழ்
பத்தொன்பது குளிர்காலம் தூங்கியிருக்கிறேன்.
நாடாவை யாரும் அவிழ்க்க வேண்டாம்.

ஏப்ரலில் ஒரு ஞாயிறு, காரில் போய்ப் பார்த்தேன்.
பாறையில் ஓர் ஆரஞ்சு ரிப்பன்,
கம்பியில் ஓர் ஆரஞ்சு ரிப்பன்.
ஹாரிஸைக் காணோம்; அவர் நாய் மட்டும்
இரண்டையும் முகர்ந்துவிட்டு
இரண்டிலும் காலைத் தூக்கியது.

நிக்கிள் நிலத்தை விற்கப் பார்க்கிறாராம்.
வரைபடம் போட வந்தவர்
கடலோரம் தொடங்கி, தெற்கு எல்லை ஏறி,
வடக்கு எல்லை இறங்கப் பார்த்தார்.
கோடு கோட்டைத் தொடவில்லை.
மறுபடி அளந்தார்.
வழக்கு மூடியாயிற்று.
நிலம்தான் நாற்பதடி
திறந்து கிடக்கிறது.