பத்து ஷில்லிங்

நைவாஷா ஏரியின் பனி விலகும் முன்பே
கதவைத் தட்டிவிடுகிறார்கள்.
தூங்குகிற பிள்ளையைத் தூங்கியபடியே
என் தோளுக்கு மாற்றிவிட்டு
ரோஜாப் பண்ணைப் பேருந்துக்கு ஓடுகிறார்கள்.

தகரக் கூரை, ஒரு ஜன்னல், பதினேழு குழந்தைகள்.
நாளைக்கு எண்பது ஷில்லிங்,
மதியம் சோளக் களியும் கீரையும் சேர்த்து.
பால் அவரவர் கொண்டுவர வேண்டும்,
புட்டியில் பெயர் எழுதி.
நஃபுலா மகனின் புட்டியில்
பல நாள் பெயர் மட்டும்தான் இருக்கும்.
கஞ்சியை நீர்க்கக் கரைத்து ஊற்றுவேன்.
அதை நோட்டில் எழுதுவதில்லை.

நாற்பது பக்க நோட்டு.
இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் பாக்கி.
மாதக் கடைசியில் வலப்பக்கம் நீளும்.
யாரையும் குறை சொல்ல வரவில்லை நான்.
நாளெல்லாம் முள் சீவிச் சம்பாதிப்பதில்
ஐந்தில் ஒன்று என்னிடம் வருகிறது.
வந்தது கரிக்கும் வாடகைக்கும் போய்
சோப்பு வாங்க மிஞ்சுவதில்லை.

ஜனவரியில் கரி விலை ஏறியது.
மூன்று இரவு யோசித்து
கதவில் சாக்கட்டியால் எழுதினேன்:
தொண்ணூறு.

யாரும் சண்டைக்கு வரவில்லை.
செபெட் மட்டும் இரண்டு முறை வாசித்துவிட்டு
"சரி" என்றாள்.
தக்காளிக்காரியிடம்கூட பேரம் பேசாமல் விடாதவள்.

மறுநாள் பதினாறு பேர்.

பிப்ரவரி. உலகத்துக்குக் காதல் வருகிற மாதம்.
பண்ணையில் விளக்கை அணைப்பதே இல்லை.
இரவு பத்துக்கு வந்து பிள்ளை கேட்பவர்களின் விரல்கள்
குளிரறையில் விறைத்திருக்கும்;
அடுப்பில் கொஞ்சம் காட்டிவிட்டுத்தான்
பிள்ளையைத் தொடுவார்கள்.

அந்த வாரம்தான் பார்த்தேன்
செபெட்டின் மூத்தவளை.
குழாயடியில், காலை பதினொன்றுக்கு,
பச்சைப் பள்ளி ஸ்வெட்டரோடு,
முதுகில் தம்பியைக் கட்டிக்கொண்டு.
"லீவா?" என்றேன்.
"இல்லை."
வாளி நிறைவதையே பார்த்திருந்துவிட்டு,
"வகுப்பில் இப்போ பின்னம் நடத்துறாங்க" என்றாள்.

ஒன்பது வயது.
தம்பியை ஏற்றிக் கட்டும்போது
துணியின் முடிச்சைப் பல்லால் இறுக்கினாள்.
கை தேர்ந்துவிட்டது.

பத்து ஷில்லிங்கை எப்படியெல்லாமோ
கணக்குப் போட்டிருக்கிறேன்:
இரண்டு தக்காளி, ஒரு தீப்பெட்டி,
அரை வாளி நல்ல தண்ணீர்.
நாலாம் வகுப்பு பெஞ்சில்
ஓர் ஆள் உட்காரும் இடமென்று
போட்டதில்லை.

வீட்டுக்கு வந்து ஈரத்துணியால்
தொண்ணூறைத் துடைத்தேன்.
எண்பது என்றெழுதக் கை போகவில்லை.
கரிக்காரன் வெள்ளிக்கிழமை வருவான்,
அவன் நோட்டிலும் எனக்கொரு வலப்பக்கம் உண்டு.

இரண்டு நாளாகக் கதவில் எண் இல்லை.
கேட்பவர்களிடம் "நாளைக்குச் சொல்றேன்" என்கிறேன்.

குழாயடிக்கு ஒருமுறை போய்வந்தேன்.
"அம்மாவை வரச் சொல்லு" என்றேன்.
சொல்லியிருப்பாள்.

இன்று விடியலில்
பதினாறாவது தட்டலுக்குப் பிறகும்
கதவருகே கொஞ்ச நேரம் நின்றேன்.
உள்ளே கஞ்சி அடிப்பிடிக்கிற வாசனை.