ஐஸ் கம்பெனியில் ஒரு சுடர்

மண்டபத்தில் மூடிக்கிடந்த ஐஸ் கம்பெனியின்
மூன்றாம் அறை எங்களுக்கு வாடகைக்கு.
சுவருக்குள் ஒரு சாண் தக்கை. ஜன்னல் கிடையாது.
வெளியே கச்சான் வீசி மணலை எறியும்.
காற்றைப் படம்பிடிக்க
காற்று வராத அறைதானே வேண்டும்.

நீளம்தான் போதவில்லை.
இரண்டு குழியாடிகள்,
ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மீட்டர் குவியதூரம்,
நடுவே மூன்று மீட்டர் இடைவெளி, அதன் பாதியில் சுடர்.
விளக்கையும் கேமராவையும் வைக்க இடமில்லாமல்
ஒளியைப் பாய்போல் மடித்தோம்:
யாரோ தள்ளிவிட்டுச் சாய்ந்த இசட் எழுத்து.

விளக்கு கற்றைக்கு இடப்பக்கம் எவ்வளவு விலகியதோ
பிளேடு வலப்பக்கம் அவ்வளவே விலக வேண்டும்.
ஒரு கோணலை மறு கோணல் தீர்க்கும்,
புள்ளிக்கு முளைத்த வால் உதிரும்.
இன்னொரு பிழை தீராது:
நிற்கும் கோடு ஓரிடத்தில் குவியும்,
படுத்த கோடு ஒரு விரற்கடை தள்ளி.
ஏதாவது ஒன்றைத்தான் நம்பலாம்.
எங்களுக்குச் சுடரின் இடவலம் வேண்டும்;
நிற்கும் கோட்டை நம்பினோம்.

பிளேடு, பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில் வாங்கிய சவர பிளேடு.
காற்று வராத அறைக்கும் உப்பு வரும்.
வாரம் ஒன்று துருப்பிடித்து
படத்தில் கீறலாய் ஓடும்.

விளக்கின் பிம்பத்தைப் பாதி வெட்டினால்
திரை முழுக்க ஒரே சாம்பலாய் மங்க வேண்டும்.
ஒரு பக்கமிருந்து இருள் நுழைந்தால்
நீ குவியத்தில் இல்லை.
திருகு. இன்னும் ஒரு மயிரிழை. நிறுத்து.

பிறகு பற்றவைத்தோம்.
இடது ஓரம் வெளிச்சம், வலது ஓரம் கறுப்பு.
நட்டநடுவில்,
கொதிப்பின் உச்சியில்,
வெளிக்காற்றின் அதே சாம்பல்.
இந்தப் படத்துக்குச் சூடு தெரியாது;
சூடு மாறும் இடம் மட்டுமே தெரியும்.

எனவே வெளியிலிருந்து தொடங்கி
வளையம் வளையமாய்க் கூட்டிக்கொண்டு உள்ளே போகவேண்டும்.
முதல் எண், அறையின் வெப்பநிலை.
மேற்குச் சுவர் ஆணியில் தொங்கிய
அறுபது ரூபாய் வெப்பமானி அதைச் சொன்னது.

காலையில் ஆயிரத்து அறுநூற்றுப் பத்து.
மாலையில் ஆயிரத்து எழுநூற்று முப்பது.
அதே சுடர், அதே வாயு.
மூன்று வாரம்
ஆடியைச் சந்தேகித்தோம், பிளேடைச் சந்தேகித்தோம்,
ஒருவரையொருவர், சொல்லாமல்.
ஜெனோவா கோணத்தை நாலு முறை அளந்தாள்.

ஒரு மாலை, காலண்டரை நகர்த்தப் போனவள்
ஆணியைத் தொட்டுக் கையை உதறினாள்.
"ஏய், இது சுடுது."

ஆணியில்லை. பனிக்கட்டி தொங்கவிட்ட பழைய கொக்கி.
தக்கையைத் துளைத்து வெளிச்சுவர்வரை போயிருந்தது.
அங்கே மூன்று மணி வெயில்.
வெளியே ஒரு டிகிரி பிழைத்தால்
உள்ளே நாற்பது டிகிரி பிழைக்கும் கணக்கு எங்களுடையது.
கொக்கி மூன்று டிகிரி பொய் சொல்லியிருந்தது.

வெப்பமானியை நூலில் கட்டி
அறையின் நடுவே, கற்றைக்குச் சற்று மேலே தொங்கவிட்டோம்.
அன்று மாலை: ஆயிரத்து அறுநூற்றுப் பதினாலு.
அந்த நாலு எதனால் என்று இன்னும் தெரியாது.

வாடகைக்கு வந்த இபுராம்சா
கையை நீட்டியபடி கற்றைக்குள் நின்றார்.
திரையில் ஐந்து விரல்,
ஒவ்வொன்றிலிருந்தும் மேலேறும் புகையில்லாப் புகை.
"என் கையிலயா?" என்று
திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
பணத்தை அப்புறம்தான் எண்ணினார்.

கொக்கியில் இப்போது என் பை தொங்குகிறது.
சாயங்காலம் எடுக்கும்போது
வார் மட்டும் இளஞ்சூடாயிருக்கும்.