கல்கடிப்பான்

எண் பதினேழு. நீளம் எழுபத்தோரு சென்டிமீட்டர்.
ஆண்.
வயிற்றில்: ஒன்றுமில்லை.
பல்: ஒன்றுமில்லை.

இரண்டாவது 'ஒன்றுமில்லை'யில்
பென்சில் நின்றுவிட்டது.

பத்ரெக்ஸ்ஃபியோர்த் ஏலக்கூடம், காலை ஆறு மணி.
கதவுக்கு வெளியே அக்டோபர் இருட்டு
ஈரக் கம்பளியாய்த் தொங்குகிறது.
போகுமிவா பனிக்கட்டி சரிக்கிறாள்,
உறைந்த குழாயோடு போலிஷ் மொழியில் சண்டை.
எய்ஸ்டெயின் இறக்கிய பெட்டிகள் முப்பத்தெட்டு,
எல்லாம் காட் மீன். நடுவில் இவன்,
நீலச் சாம்பல் உடம்பில் கறுப்புப் பட்டைகளும்
கடன் திரும்பாத வட்டிக்காரனின் முகமுமாக.

ஸ்டெய்ன்பீத்தூர் என்பது இங்கே இவன் பெயர்.
கல்லைக் கடிப்பவன்.

மார்ச்சில் பார்க்க வேண்டும் இவன் வாயை.
முன்னால் வளைந்த கோரைகள்,
உள்ளே அண்ணம் முழுக்க அம்மி.
கடல்முள்ளெலியை முள்ளோடு,
சங்கை ஓட்டோடு, துறவி நண்டை வீட்டோடு
நொறுக்கி விழுங்குவான்.
செத்துவிட்டான் என்று நினைத்து
எய்ஸ்டெயின் ஒருமுறை காலால் தள்ளினான்.
இன்றும் அதே பூட்ஸ்தான் போட்டிருக்கிறான்,
நுனியில் சைக்கிள் பஞ்சர் ஒட்டோடு.

மிதக்கத் தெரியாது. காற்றுப்பை கிடையாது.
கல்லிடுக்கில் விலாங்கு போல் வளைந்து கிடப்பான்.
தண்ணீர் எவ்வளவு குளிர்ந்தாலும்
ரத்தத்தில் ஒரு புரதம்
பனி ஊசிகளை வளரவிடாது.

அலுவலகச் சுவரில் இவன் ஊர் ஒரு லாட வடிவம்.
வெண்கடலில் தொடங்கி நார்வே, ஃபாரோ, எங்கள் தீவு,
கிரீன்லாந்தின் தென்முனை, லாப்ரடோர்,
நியூஃபவுண்ட்லாந்தைச் சுற்றிக் கேப் காட் வரை.
அத்தனை பெரிய தேசத்தில்
இவன் போய்வருவது கொஞ்ச தூரம்தான்:
தின்னக் கரைப்பக்கம்,
முட்டைக்கு ஆழம்.

முன்பு இவன் தோலில் செருப்பு தைத்தார்கள்.
அது தேயத் தேய மலையை அளந்தார்கள்,
இந்தக் கணவாய் இத்தனை சோடி என்று.
என்னிடம் இருப்பது ஒரு பிளாஸ்டிக் அளவுபலகை.

இலையுதிர்காலத்தில் பற்கள் கொட்டும்.
எல்லாம்.
அவள் இட்ட முட்டைகள்,
மிளகைவிடச் சற்றுப் பெரியவை, மஞ்சள்,
ஒன்றோடொன்று ஒட்டி
இரு கை கொள்ளும் உருண்டையாகும்.
அவள் போய்விடுவாள்.
இவன் அதைச் சுற்றிச் சுருண்டுகொள்வான்,
மாதக்கணக்கில்,
ஈறுக்குள் புதுப்பல் அரும்பும்வரை
எதையும் தின்னாமல்.

அப்படியானால், இரையைத் தொடாதவன்
தூண்டிலில் எப்படி?

புரட்டினேன்.
வாயில் காயமில்லை.
விலாவில், இடப்பக்கம், நான்காம் பட்டைக்குக் கீழே
கொக்கி கிழித்த நீளக் கோடு.

கயிறு பாறைமேல் இழுபட்டு வந்திருக்கிறது.
ஒரு முழம் விலகியிருந்தால் போதும்.
இவன் விலகவில்லை.

"எங்கே போட்டாய்?"
"எல்லைக்கு வெளியேதான், ஸ்வன்ஹில்துர்.
தடைப்பகுதியிலிருந்து ஒரு மைல். கருவியில் பார்."
பார்த்தேன். ஒரு மைலும் கொஞ்சமும்.
பொய் சொல்கிறவன் இல்லை.
காபிக் குடுவையை நீட்டினான், வாங்கிக்கொண்டேன்.

படிவத்தில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம்,
தபால்தலை அளவு.
'கொக்கி விலாவில்' என்று எழுதினேன்.
மேற்கே, நூற்றைம்பது மீட்டர் கீழே,
ஒரு கல்லிடுக்கில்
மஞ்சளாய் ஒன்று திறந்து கிடப்பதை எழுத
கட்டம் போதாது,
கேட்கவுமில்லை யாரும்.

காதுக்கல்லை எடுத்துக் குப்பியில் போட்டேன்.
அரிசிக் குருணை அளவு.
மதியம் நுண்ணோக்கியில் எண்ணுவேன்,
பதினான்கு குளிர்காலம் இருக்கலாம், பதினைந்தும்.

போகுமிவா எட்டிப் பார்த்தாள்.
தன் முன்பல்லை விரலால் தட்டி,
"இவனுக்கு எங்கே?" என்றாள்.
"விழுந்துவிட்டது. திரும்ப முளைக்கும்" என்றேன்,
என்ன காலத்தில் பேசுகிறேன் என்று யோசிக்காமலே.

அவள் பனிக்கட்டியை அள்ளி இவன்மேல் போட்டாள்,
வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகமாக.

எண் பதினெட்டு.
காட். பெண். ஐம்பத்தொன்பது.
வயிற்றில்: இறால், மணல், பாதி ஹெர்ரிங்.