பதினோரு இமைகள்

எங்கள் பேச்சில் உலாவியின் தாவலுக்கு
இமைமயிர் என்று பெயர்.
யார் வைத்தார்களோ.
கதவுகளைக் காற்றே அறைந்து சாத்தும்
புன்தா அரேனாஸ் நூலகத்தில்
ஆறு கணினிகளின் இமைகளை
மாலை ஏழுக்கு மூடுவது என் வேலை.

கன்ட்ரோலில் சுண்டுவிரல், டபிள்யூவில் மோதிரவிரல்.
ஒரு தட்டு, ஓர் இமை.
படகு நேரங்கள், போயிற்று.
முட்டைக்கோசு சூப், போயிற்று.
வாடகைக்கு இரண்டு அறை, நாய்க்கு அனுமதி உண்டு,
போயிற்று.
எதையும் நான் படிப்பதில்லை,
படித்தால் ஏழரைப் பேருந்து போய்விடும் என்பது
பாதி உண்மை.

எலியேசெர் மன்சீயா வியாழன்தோறும் வருவார்.
துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறவர்.
முப்பது டன் பெட்டியை
முட்டை வைப்பதுபோல் கப்பலில் வைக்கிற கை
மவுஸைத் தொட்டால் நடுங்கும்.
புதுப் பக்கம் வந்தால்
பழையது தொலைந்ததென்று நினைப்பார்.
மறுபடி திறப்பார். மறுபடி.
ஒரே அஞ்சல்பெட்டி, பதினோரு தடவை.
அவர் போனதும் எனக்குப் பதினோரு தட்டு.

ஜூலையில், ஐந்துக்கே இருட்டிய ஒரு நாள்,
நாற்காலி காலி. மாட்டியிருந்த கோட்டும் இல்லை.
தட்டி முடித்தேன்.
புகைத்துவிட்டு வந்து நின்றார்,
காது இரண்டும் சிவந்து.
எழுதிக்கொண்டிருந்தேனே, என்றார்.
கோபமே இல்லை. அதுதான் தாங்கவில்லை.

கன்ட்ரோல், ஷிஃப்ட், டி.
கடைசியாக மூடியது முதலில் எழுந்தது. காலி.
இன்னொரு முறை. காலி.
ஏழாவதில் தலைப்பு மட்டும் மிஞ்சியிருந்தது:
அந்த இரண்டு செம்மறிகள் விஷயமாக.
கீழே வெள்ளை.

ரியோ காயேகோஸில் இருக்கும் அண்ணனுக்காம்.
எல்லைக்கு அந்தப் பக்கம், நாலு மணி நேரம்.
பேச்சு நின்று ஒன்பது வருடம்.
நான் மன்னிப்புக்கு வார்த்தை தேடுவதற்குள்
ஒற்றை விரலால் மறுபடி தொடங்கிவிட்டார்.
முன்னது நீளம், என்றார். பாதி வசவு.
இந்த முறை நாலு வரி.

ஏழரைப் பேருந்து போயிற்று.

அந்த விசை எது என்று கேட்டார்.
பயணச்சீட்டின் பின்புறம் எழுதிக் கொடுத்தேன்.
என் இரண்டாவது தவறு அது.

அடுத்த வியாழன், உட்கார்ந்ததும் முதல் காரியமாக
மூன்றையும் சேர்த்து அமுக்கியிருக்கிறார்.
அவருக்கு முன் அங்கே இருந்தவள் பள்ளிச் சீருடைக்காரி,
நனைந்த பையை மடியிலிருந்து இறக்காதவள்.
அவள் மூடிவிட்டுப் போனது
கண் திறந்து நின்றது:
எத்தனை வாரம் வரைக்கும்,
அம்மா கையெழுத்து வேண்டுமா.

நெல்டா, என்று கூப்பிட்டார்.
இது என்னுடையது இல்லை.
நான் போனபோது
நாற்காலியை முழுக்கத் திருப்பி
திரைக்கு முதுகு காட்டி இருந்தார்,
குளிக்கும் அறைக்குள் தெரியாமல் நுழைந்தவர்போல.

அன்றிலிருந்து டபிள்யூவோடு நிறுத்துவதில்லை.
கன்ட்ரோல், ஷிஃப்ட், டெலீட்.
எத்தனை காலத்துக்கு என்று கேட்கும்.
எல்லாக் காலத்துக்கும், என்று தேர்ந்து
சரி.
அந்தப் பெண் ஒருநாள் மறுபடி வந்தாள்.
சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல்
ஸ்டேப்ளருக்கு ஊசி நிரப்பினேன்,
நிரம்பியிருந்த ஸ்டேப்ளருக்கு.

செப்டம்பரில் அண்ணனிடமிருந்து பதில் வந்தது.
கன்ட்ரோல், பி. தாளுக்கு ஐம்பது பெசோ.
வெதுவெதுப்பாக வெளியே வந்ததைக்
கவிழ்த்தே கொடுத்தேன்.
படிக்கவில்லை. இது முழு உண்மை.
பின்புறமாகத் தெரிந்தவரை
ஒரே வரிதான்.

காற்று அடிக்கும் நாட்களில்
தெருமுனையில் கயிறு கட்டிவைப்பார்கள்.
ஒரு கை கயிற்றில், ஒரு கை கோட்டுக்குள் தாளின்மேல்,
கண்ணைச் சுருக்கிக்கொண்டு போனார்.

உள்ளே அவர் இடத்தில்
பதினோரு இமைகளும் திறந்தே இருந்தன.
மணி ஆறு ஐம்பத்தெட்டு.
இரண்டு நிமிடம் இருக்கட்டும் என்று விட்டேன்.